கடைசி ஆள் வர்ற வரைக்கும்

— பீட்டரண்ணே, இது உங்க ஸ்பீடு இல்ல.

— என் போன்ல, என் கண்ணு முன்னால ஏறுன கணக்கு. அது என் ஸ்பீடு இல்லாம வேற யாரு ஸ்பீடு தாயி?

— ஒரு மணி நேரத்துல முப்பத்தாறு கிலோமீட்டர்னு காட்டுது. நம்ம சைக்கிள் கிளப்புல ஏ பேட்ச் பயலுகளே இருபத்தெட்டைத் தாண்டுறதில்ல. உங்களுக்கு வயசு அம்பத்தெட்டு. சைக்கிள் வாங்கி மூணு மாசந்தான் ஆகுது.

— வயசு கெடக்கட்டும் அனிதா. முப்பத்தோரு வருசம் பிரைவேட் பஸ்சு ஓட்டுன காலு இது.

— பஸ்சைக் காலாலயா ஓட்டுனீக?

— கிளச்சும் பிரேக்கும் கையாலயா மிதிப்பாக? நீ ரத்தம் எடுக்குறவ, உனக்கு அதெல்லாம் தெரியாது.

— ரத்தம் எடுக்குறவதான். லேப்ல தினமும் நூறு ரிப்போர்ட் பாக்குறேன். எது கோளாறான ரிப்போர்ட்டுன்னு பாத்த ஒடனே தெரியும். இங்கன பாருங்க. கம்பத்துல இருந்து சின்னமனூர் வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர், முப்பத்தாறு நிமிசம். சரியா?

— ரைட்டு.

— திரும்பி வாரப்ப அதே பதினெட்டு கிலோமீட்டர், இருபத்திநாலே நிமிசம். சரியா?

— காலு சூடு பிடிச்சிருச்சுன்னா அப்படித்தான்.

— அண்ணே, இது ஆடி மாசம். கூடலூர்ப் பக்கமிருந்து அடிக்கிற காத்து, சின்னமனூர் போறப்ப முதுகுல கை வச்சுத் தள்ளும். கம்பத்துக்குத் திரும்புறப்ப நெஞ்சுல கை வச்சு நிப்பாட்டும். ஏ பேட்ச் பயலுகளே அதுல நாக்குத் தள்ளித்தான் வாராங்கெ. நீங்க மட்டும் எதுத்த காத்துல நாப்பத்தஞ்சுல வந்தீகளாக்கும்? ஒரு எடத்துல அறுபத்திரெண்டு காட்டுது. அங்கன சிறகு கிறகு மொளச்சுச்சா?

— சரி, விடு. வாழத்தாரு ஏத்துற வண்டி ஒண்ணு காலியா வந்துச்சு. தெரிஞ்ச ஆளு. சைக்கிளத் தூக்கிப் பின்னால போட்டுக்கிட்டு முன்னால ஏறி உக்காந்துட்டேன். பாக்கெட்டுல இருந்த போன அமத்த மறந்துட்டேன்.

— அப்படிச் சொல்லுங்க.

— போனது நெசந்தான தாயி? முப்பத்தாறு நிமிசம்! அதுல ஒரு மிதி கூடப் பொய் இல்ல.

— போனது காத்து. நீங்க கூடப் போனீக. காத்தில்லாத ரோட்டுல உங்க ஸ்பீடு பதினாறு, பதினேழு. போன ஞாயித்துக்கெழம நாந்தான உங்க பின்னாலயே வந்தேன்? ஒரு மேட்டுல நீங்க எறங்கித் தள்ளுனதையும் பாத்தேன். அதனால உங்க பேரு சி பேட்ச்.

— மாதாவே! சி பேட்ச்சா? அது டவுன் பஸ்சுல்ல?

— என்னது?

— ஏ பேட்ச் எக்ஸ்பிரஸ். பி பேட்ச் சாதா. சி பேட்ச் டவுன் பஸ்சு. புளியமரத்துக்கு ஒரு ஸ்டாப்பு, டீக்கடைக்கு ஒரு ஸ்டாப்பு, போட்டோவுக்கு ஒரு ஸ்டாப்பு. பக்கத்து வீட்டுச் சுருளிராஜன் எதுல போறான்?

— அவரு ஏ. நாலு வருசமா ஓட்டுறாரு.

— பாத்தியா! நேத்து டீக்கடையில எல்லாரு முன்னாலயும், ‘பீட்டரு பொம்பளையாளுக பின்னாலதான் வரப்போறாரு’ன்னு சொல்லிச் சிரிச்சான் தாயி. என் சர்வீஸ்ல ஒரு வண்டி என்னைய முந்துனதில்ல. நான் எப்படி நாளைக்கு அவன் மூஞ்சில முழிப்பேன்? ஒரே ஒரு வாரம் ஏ-யில போடு. முடியலைன்னா நானே எறங்கிக்கிறேன்.

— எங்கன எறங்குவீக? நாளைக்கு அவங்கெ தேனி போய்த் திரும்புறாங்கெ. எம்பது கிலோமீட்டர். ஒருத்தன் பின்னால ஒருத்தன் ஒட்டிக்கிட்டு, காத்தைக் கிழிச்சுக்கிட்டு வருவாங்கெ. அந்த வரிசையில இருந்து அம்பதடி விட்டுப் போனீகன்னா அம்புட்டுத்தான். நிக்க மாட்டாங்கெ, திரும்பிப் பாக்கவும் மாட்டாங்கெ. அங்கன அது தப்பில்ல. அதுதான் அந்தப் பேட்ச்சோட ரூல். நடுரோட்டுல தனியா நிப்பீக.

— நின்னுட்டுப் போறேன்.

— மயங்கி விழுந்தா? உங்க வீட்டு அக்கா வந்து என்னையத்தான் கேக்கும். இன்னைக்கு ஏழு மணிக்குள்ள நான் குரூப்புல லிஸ்ட்டு போடணும். சி-ன்னு எழுதிக்கிறேன். சரியா?

— சி-யில எங்க போறீக?

— காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, உத்தமபாளையம். டீ குடிச்சிட்டுத் திரும்பி, சர்ச்சுல ரெண்டாம் பூசைக்கு முன்னால வீட்டுக்கு வந்துரலாம்.

— அதுக்கு அம்புட்டு நேரமா? எதுக்குத்தான் எல்லா எடத்துலயும் நிப்பாட்டுறீகளோ. வண்டின்னா நேரத்துக்குப் போகணும் தாயி. நேரந்தான் முக்கியம்.

— எங்க பேட்ச்சுல ஒரே ஒரு ரூல்தாண்ணே. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும். மழையோ வெயிலோ, பஞ்சரோ செயின் கழண்டுச்சோ, கடைசி ஆள் கண்ணுல படாம முன்னால ஒருத்தர் மிதிக்கக் கூடாது.

— எவன் போட்ட ரூலு அது?

— நான் போட்டது.

— நல்லா போட்ட. இப்படி நின்னு நின்னு போனா எந்தக் காலத்துல ஊர் போய்ச் சேர?

— நிக்காமப் போன ஒரு பஸ்சாலதாண்ணே இந்த ரூலே வந்துச்சு.

— எந்த பஸ்சு?

— பேரெல்லாம் பாக்கல. பதினாறு வருசம் ஆச்சு. பன்னெண்டாவது கணக்குப் பரீட்சை அன்னைக்கு என் சைக்கிளு பஞ்சரு. எனக்கு உத்தமபாளையத்துல சென்டரு. காமயகவுண்டன்பட்டி ஸ்டாப்புக்கு ஓடுறேன், பஸ்சு கெளம்பிருச்சு. பின்னாலயே ஓடுனேன். கண்டக்டரு பாத்துட்டு ஒத்த விசிலு குடுத்தாரு, நிப்பாட்டச் சொல்லி. வண்டி நிக்கல.

— ம்.

— அடுத்த பஸ்சு ஒரு மணி நேரங்கழிச்சு. நான் போய்ச் சேர்றப்ப அரை மணி தாண்டிருச்சு. உள்ள விட மாட்டேன்ட்டாக. கேட்டு கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். டாக்டருக்குப் படிக்கணும்னெல்லாம் ஆச இல்ல, நர்சிங் காலேஜு போகணும்னு இருந்தேன். அந்த வருசம் போச்சு. அப்பறம் அப்பா படுக்கையில விழுந்துட்டாக. கடைசியில லேப் கோர்ஸ் படிச்சேன்.

— ...மெயின் ரோட்டுல இன்னொரு வண்டி வந்துக்கிட்டு இருந்திருக்கும் தாயி. ரெண்டு நிமிசம் விட்டுட்டா உத்தமபாளையத்துல நிக்கிற ஆளுகள அவன் அள்ளிருவான். மொதலாளி ஏசுவாக. டிரைவரு பொழப்பு அப்படி.

— இருக்கும். நான் அவரைக் கோவிச்சுக்கலண்ணே. ஆரம்பத்துல இருந்துச்சு, மண்ணா வாரித் தூத்துனேன். அப்பறம் ஆறிருச்சு. இஞ்சின் சத்தத்துல விசிலு காதுல விழுந்திருக்காது. நான் ஓடியாந்ததும் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சே ஒரு ஆளு விட்டுட்டுப் போவாகளா? அப்படி நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன். என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? நீங்க போடி ரூட்டுக்காரரு, உங்களச் சொல்லல.

— போடி கடைசிப் பத்து வருசந்தான்.

— சரி, மணி ஆகுது. லிஸ்ட்டுல சி-ன்னு எழுதுறேன். சுருளிராஜன்கிட்ட நான் பேசிக்கிறேன், சரியா?

— எழுது. கடைசி ஆளா எழுது.

— கடைசியிலயா? அது நான் வார எடம். எல்லாருக்கும் பின்னால வந்து, நிக்கிறவுகளுக்காக நிக்கணும். உங்களுக்குத்தான் நிக்கிறதே பிடிக்காதே?

— இனிமே நான் நிக்கிறேன் தாயி. வாராவாரம் நிக்கிறேன். நீ முன்னால போ.

— அட, திடீர்னு என்ன வந்துச்சு உங்களுக்கு?

— ஒண்ணுமில்ல. பரீட்சை அட்டையத் தலைக்கு மேல தூக்கி ஆட்டிக்கிட்டே, ஒத்தச் செருப்போட நீ ஓடியாந்ததுதான்...

— அட்டையப் பத்தியும் செருப்பப் பத்தியும் நான் சொல்லவே இல்லையேண்ணே.

— நீ சொல்லல தாயி. நான் கண்ணாடியில பாத்தேன்.