தலையில் அடித்த சத்தியம்

மட்டன் சுக்காவில் சீரகம் ஒரு சிட்டிகை கூடினாலும் என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். நாக்கு அத்தனை கூர்மை. கால்தான் செத்துப்போயிருந்தது. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. சர்க்கரை முற்றினால் அப்படித்தானாம்.

என் பெயர் நாகஜோதி. வீடு வில்லாபுரம். என் மகள் பாண்டிமீனா உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தது அத்தனையும் உண்மைதான். காரணத்தை மட்டும் அவள் எழுதியிருக்க மாட்டாள்.

வீட்டுக்காரர் பெயர் ஜெயபாண்டி, அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிச் சாக்கடையில் எறிவார். கம்பங்கூழ் காய்ச்சினால் தெருநாய்க்கு ஊற்றிவிட்டு, "மாட்டுக்கு வைக்கிறத எனக்கும் வைக்கிறியா?" என்பார். பட்டறைக்குப் போகும்போது சீனிப்பாகில் ஊறிய பால்பன், வரும்போது அல்வா. சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அந்த மனிதர் மெல்லும் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கொழுந்தன் சின்னச்சாமியின் மகள் கல்யாணத்தில் அவர் இலையில் மூன்றாவது ஜாங்கிரி விழுந்தது. பின்னால் நின்ற நான் குனிந்து அதை எடுத்தேன். எழுந்து, எச்சில் கையோடு என் கன்னத்தில் அறைந்தார். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது.

"நான் எப்பச் சாவேன்னு பாத்துக்கிட்டே இருக்கியாடி? எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. இனிமே என் ஒடம்பப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

"பண்ணிருங்க மதினி. கல்யாண வீட்டுல எதுக்கு வம்பு" என்றார் சின்னச்சாமி.

கன்னத்தில் பாயசம் வழிய, அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அது எப்பேர்ப்பட்ட சத்தியம் என்று உங்களுக்கும் தெரியும். நான் மீறினால் போவது அவர் உயிர். அதனால் மீறவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் கால் கழுவிவிடுவது என் வேலை. தொப்பையைத் தாண்டித் தன் பாதத்தை அவரால் பார்க்க முடியாது. தினமும் பாதத்தைக் கவனிக்கும்படி டாக்டர் சொன்னது அவருக்குப் பெரிய வேடிக்கை. பட்டறை ஆட்கள் கூட வந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்பார்.

"என்ன டாக்டரம்மா, காலு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

ஆவணி மாதம் ஒரு நாள் வலது பாதத்தில் மிளகளவு புண். செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். லேத்தில் கடையும்போது விழும் இரும்புச் சுருள் ஒன்று அடியைத் துளைத்து உள்ளே ஏறியிருந்தது. பகலெல்லாம் அதன்மேல் நடந்திருக்கிறார். கழுவித் துடைத்தேன். வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்குன்னு சொன்னதும் ஒடம்பப் பத்துன பேச்சுத்தானம்மா?" என்று பின்னால் மகள் கேட்டாள். நர்சிங் படித்தவள், கெட்டிக்காரி. நானாக எதையும் பேசவில்லை. அவர் கேட்டதற்குப் பதில்தான் சொன்னேன்.

மிளகளவு புண் புளியங்கொட்டை அளவானது. புண்ணிலிருந்து வாடை வந்தபோது வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். "என்னடி, வீடு கோயிலாட்டம் இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செருப்பை மகள் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். சுருள் இன்னும் அதில் இருக்கும். நானாகவே சொல்லிவிடுகிறேன். புண்ணைப் பார்த்த அன்றைக்கே குறடு வைத்து அதைப் பிடுங்கிவிட்டேன். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அவர் அல்வாப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது. சுத்தியலை எடுத்து, அதே ஓட்டையில் திரும்ப அடித்து இறக்கினேன்.

இப்போது நான் வைப்பதைத்தான் சாப்பிடுகிறார். கம்பங்கூழ், பாகற்காய், வேளைக்கு மாத்திரை. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. இம்புட்டு நல்லாப் பார்த்துக்கொள்ளும் பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று டாக்டரே சொன்னார். உங்கள் ஏட்டு வீட்டுக்கு வந்து கேட்டபோது என் வீட்டுக்காரரும் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லையாமே. சொல்ல மாட்டார். அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் கிளம்புகிறேன். அவருக்குக் கால் கழுவும் நேரம். இப்போதெல்லாம் டாக்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. "ஜோதி, இந்தக் காலு எப்படி இருக்கு?" என்று பயந்து பயந்து கேட்கிறார். நல்லாத்தான் இருக்கு என்று நேற்றும் சொன்னேன். வீட்டில் சாம்பிராணி தீர்ந்துவிட்டது, போகிற வழியில் வாங்க வேண்டும்.