என் கைக்கு அளவெடுத்த பந்து

முதல் பந்து வாங்கப் போகிற எல்லாரும் நிறத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள், மேடம். நீங்கள் எப்போதாவது இந்தக் கட்டை சாய்க்கும் பவுலிங் ஆடத் தொடங்கினால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடை. அடுத்தது கை அளவு. அதன் பிறகு பந்து எதனால் செய்தது என்பது. நிறம் கடைசியில்தான் வர வேண்டும்.

சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள். மூன்று மாதமாகவே இந்தப் பேச்சை எடுத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வாக்குமூலம் கொடுக்க வந்தவள் சிரிப்பது முறையில்லை என்று தெரியும்.

என்னைப் பற்றிய விவரங்களை முதலில் எழுதிக்கொள்கிறீர்களா? வயது இருபத்து நான்கு. இயற்பியல் பட்டம். தராசுகளையும் எடைக்கற்களையும் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை. அங்கே யாரும் அதிகம் பேச மாட்டார்கள். எனக்கு அது வசதி. வீட்டில் அம்மா, அக்கா, நான். "வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது என் சின்னதுக்கு" என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள். வாயில் விரலை வைப்பது அக்காவின் தொழில். அவள் பல் மருத்துவர்.

ஆய்வகத்தில் ஒருவர் வேலை மாறிப் போனபோது எல்லாரையும் பவுலிங் கூடத்துக்கு அழைத்துப் போனார். என் கையில் பொதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார்கள். ஆயிரம் பேர் விரல் நுழைத்து, துளைகள் அகன்று போன பந்து. உருட்டினேன். ஓடுபாதையின் கடைசியில் நின்ற பத்துக் கட்டைகளும் விழுந்தன. அந்தச் சத்தத்தை நான்தான் உண்டாக்கினேன் என்று நம்பச் சற்று நேரமானது. அதுவரை கதவைக்கூட ஓசை வராமல் சாத்துகிறவள் நான். இங்கே எவ்வளவு சத்தம் வருகிறதோ அவ்வளவு கைதட்டுகிறார்கள்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் தனியாகப் போனேன்.

கூடத்தின் மூலையில் கண்ணாடி போட்ட சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பந்தில் துளை போட்டுத் தருகிறவரின் கடை. பந்து திரும்பி வரும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். எல்லாரும் அவரை ஓட்டை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. மூன்று நாள் கடைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே போனால் என்ன பேசுவது என்று வீட்டுக் கண்ணாடி முன் பேசிப் பழகிக்கொண்டேன். நான்காம் நாள் அவரே கதவைத் திறந்தார்.

"ஏம்மா, மூணு நாளா பெண் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி வெளிய நின்னே பாத்துட்டுப் போற? பந்துக்கு வெக்கமெல்லாம் கிடையாது. உள்ள வா."

சிவப்பு ஒன்று கண்ணைப் பறித்தது. அவர் அதை எடுக்கவே விடவில்லை. "அது வளைஞ்சு ஓடுற பந்து. நேரா நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே டான்ஸா? உனக்கு சாதா பிளாஸ்டிக் போதும். நேரா போகும், சொன்ன பேச்சு கேக்கும்." எடை என்ன வேண்டும் என்று கேட்டார். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று படித்திருந்தேன். பதினோரு பவுண்டு என்றேன். அதுதான் நான் கண்ணாடி முன் பழகி வந்த வாக்கியம். "பாத்தியா, படிச்ச பொண்ணு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோரு பவுண்டில் மூன்று பந்துகள் இருந்தன. ஒவ்வொன்றையும் தூக்கி, கையைத் தொங்கவிட்டு, ஆட்டிப் பார்த்தேன். மூன்றாவது, கருநீலம். மைக்கூட்டில் ஒரு சொட்டுப் பால் விழுந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நிறம் கடைசி என்று சொன்னேனே, கடைசியில் பார்த்தேன்.

பிறகு அவர் என் கையை அளந்தார். கட்டை விரல், நடு விரல், மோதிர விரல். ஒவ்வொன்றின் சுற்றளவு, இடைவெளி, எந்தச் சாய்வில் மடங்குகிறது. பதினைந்து நிமிடம் என் கையை மட்டுமே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுகளை ஓர் அட்டையில் எழுதி, மேலே என் பெயரை எழுதினார். துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து, என் விரலை விட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்தார்.

"இப்பக் கேட்டுக்க. செருப்பக்கூட மாத்திப் போட்டுக்கலாம், இத முடியாது. இது உன் கைக்குன்னே பொறந்தது. வேற எவ கையிலயும் நிக்காது."

இந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். இதுதான் முக்கியம்.

நான் இரண்டாவது பெண். அக்காவின் சீருடை, அக்காவின் பாடப்புத்தகம், அதன் ஓரங்களில் அக்கா வரைந்த மீசைகள், எல்லாம் எனக்கு வந்தன. அதில் குறை ஒன்றும் இல்லை, பல வீடுகளில் அப்படித்தான். புதிதாக எனக்கென்று எது வந்தாலும் அக்கா முதலில் பார்ப்பாள். அதுவும் ஆசையில்தான். பத்தாம் பிறந்தநாளுக்கு வந்த பேனாவை "எழுதிப் பாத்துத் தரேன்டி எலி" என்று வாங்கி, அட்டையில் தன் பெயரை நான்கு முறை எழுதிவிட்டுத் தந்தாள். என்னை எலி என்றுதான் கூப்பிடுவாள். என் முதல் பல் ஆடியபோது அதைப் பிடுங்கியவளும் அவள்தான். அன்றைக்கே பல் மருத்துவராவது என்று முடிவு செய்தாளாம். விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வாள். பல் என்னுடையது.

எனக்கு அவள் மேல் பொறாமை இருந்ததில்லை. இதையும் எழுதுங்கள்.

அடுத்த மூன்று வாரங்கள் என் கால் தரையில் பாவவில்லை. பேருந்தில் பந்துப் பையை ஜன்னலோரம் உட்காரவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் அதை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஊர்ல பொண்ணுங்க காசு குடுத்து நகை வாங்குதுங்க, இது கல்லு வாங்கிட்டு வந்து தாலாட்டுது" என்றாள் அம்மா. ஆய்வகத்தில் யாருக்கும் கேட்காமல் பாடினேன். எண்பத்தேழில் தொடங்கிய என் புள்ளிகள் நூற்று நாற்பத்தொன்றுக்கு ஏறின. ஒரு நாள் பக்கத்து லேனில் இருந்த முன்பின் தெரியாத பெண்மணியிடம் நானாகவே, "இது என் பந்து" என்று சொன்னேன். அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான்காவது ஞாயிறு, மதியம், அக்கா கூட வந்தாள்.

"எங்க, குடு பாப்போம் உன் கல்லுப் பிள்ளைய" என்று பந்தை எடுத்தாள். அவளுடைய விரல்கள் துளைகளுக்குள் போயின. நான் மாமாவின் வார்த்தையை நம்பி நின்றுகொண்டிருந்தேன். ஒரு நொடி அவள் முகத்தில் ஆச்சரியம். பிறகு சிரிப்பு.

"எலி, எனக்கு அளவெடுத்த மாதிரியே இருக்குடி."

உருட்டினாள். பத்தும் விழுந்தன.

ஓட்டை மாமா ஓடி வந்து அவள் கையை அளந்தார். என் அட்டையை எடுத்து ஒப்பிட்டார். நூலளவும் வித்தியாசம் இல்லை. "முப்பது வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல. ஒரே அச்சு. அக்காளுக்கும் தங்கச்சிக்கும் ஒரு பந்து போதும் போ."

"அப்ப என் பேரையும் எழுதுங்க மாமா. ஞாயித்துக்கிழமை எனக்கு, மத்த நாளு இவளுக்கு. சரிதானடி?"

நான் தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்தார். அட்டையில் என் பெயருக்குக் கீழே இடம் இல்லை, அளவுகள் இருந்தன. அதனால் மேலே எழுதினார். "மூத்தவ பேரு மேல இருக்கறதுதான் மரியாதை" என்றும் சொன்னார்.

நான் அவசரக்காரி இல்லை, மேடம். எல்லா வழிகளையும் யோசித்தேன். பழைய துளைகளை அடைத்து, அளவை மாற்றி வேறு துளை போடலாம். ஒரு நாள் வேலை. ஆனால் அப்போது பந்து என் கைக்கும் பொருந்தாது. வேறு பந்து வாங்கலாம். அக்காவின் விரல் அதிலும் பொருந்தும். அக்காவிடம் சொல்லலாம். சொல்லவும் முயன்றேன். "அக்கா, இது என்னோடது." மூன்றே வார்த்தைகள். கண்ணாடி முன் எட்டு நாள் பழகினேன். அவள் எதிரில் வந்ததும், "அக்கா, காபி வேணுமா" என்று கேட்டுவிட்டேன்.

பந்தை மாற்ற முடியாது, என் கையை மாற்ற முடியாது. கணக்கில் மாறக்கூடியது ஒன்றுதான் மீதி இருந்தது.

உருட்டின பந்து தரைக்கு அடியில் ஓடித் திரும்பி வந்து, இயந்திரத்தின் வாய் வழியாக மேலே ஏறி, மேடையில் நிற்கும் பந்தின் மேல் மோதி நிற்கும். அதனால் நிற்கும் பந்தை எடுக்கும்போது வாயைப் பார்த்த பக்கம் கை வைக்கக் கூடாது. பக்கவாட்டில் பிடித்துத் தூக்க வேண்டும். ஆட வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இது. மாமா அதைச் சிவப்பு எழுத்தில் பலகையாகவும் ஒட்டியிருந்தார். கட்டைகளில் அடித்த நொடியிலிருந்து பந்து திரும்பிவரப் பதினொன்றரை நொடி. இருபது முறை அளந்தேன். பிழை ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்ல இயந்திரம். மாமா அதை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்.

மேடையில் என் பந்தை நிறுத்தி, வாய்ப்பக்கம் ஒரு கேரட்டை வைத்தேன். கூடத்தில் கிடக்கும் பந்துகளிலேயே கனமான பதினாறு பவுண்டு பந்தை உருட்டினேன். மூன்று கேரட்டுகளில் செய்து பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரிதான் ஆயின. அன்று வீட்டில் மீதி கேரட்டைப் பொரியல் செய்தேன். அக்கா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பள்ளிச் சுற்றுலா போகும் காலை மாதிரி இருந்தது. என் துண்டை எடுத்து மாமாவின் பலகை மேல் காயப் போட்டேன். நீங்கள் அவரைக் கேட்டீர்களாமே, எச்சரிக்கைப் பலகை ஏன் கண்ணில் படும்படி இல்லை என்று. படும்படிதான் இருந்தது.

"எலி, நீ முதல்ல போடு" என்றாள் அக்கா.

"ஞாயித்துக்கிழமை உன்னோடதுக்கா. நான் இதுல போடறேன்" என்று பதினாறு பவுண்டை எடுத்தேன். எனக்கு அது கனம்தான். தோள் இன்னும் வலிக்கிறது. நேராகப் போயிற்று. கட்டைகள் விழுந்தன. எத்தனை என்று பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது வந்ததும் சொன்னேன்.

"அக்கா, நம்ம பந்த எடு. முன்பக்கமா அணைச்சுப் பிடிச்சாத்தான் நழுவாது."

நம்ம பந்து என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதை அவள் உடனே செய்கிறவள். யாருமே அப்படி இல்லை.

வலது கை. நடு விரலும் மோதிர விரலும், இரண்டாவது கணுவில். பல் பிடுங்கும் கை என்று நீங்கள் மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். ஆமாம். விரல்கள் இருக்கின்றன, ஆனால் முழுதாக மடங்காது என்று மருத்துவர் சொன்னார். அவள் தன் சிகிச்சை நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிடுவது பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இப்போது அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டிவிடுகிறேன். இவ்வளவு நெருக்கமாக நாங்கள் ஒருபோதும் இருந்ததில்லை. கட்டுப் பிரித்த அன்று பந்தை மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். "எனக்கு வேடிக்கை காட்டத் தூக்கிட்டு வந்திருக்கா பாரும்மா" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். விரலை விட்டுப் பார்த்தோம். போகவில்லை.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பது எனக்குத் தெரியும். நல்ல மனிதர். ஆனால் அவருக்காக நான் வரவில்லை. பொய் சொல்லி நல்ல பெயர் வாங்க விருப்பமில்லை.

நேற்று அக்கா தன் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். "தப்பு முழுக்க என்னோடது. தங்கச்சி வேணாம் வேணாம்னு கத்தினா. நான்தான் கேக்கல." அப்படித்தானே கொடுத்திருக்கிறாள்? மாமாவையும் காப்பாற்றி, என்னையும் நல்லவளாக்கி, முழுவதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டாள். நான் கத்தவில்லை, மேடம். நான் கத்தியதே கிடையாது. இருபது முறை அளந்தது நான். துண்டு என்னுடையது, கேரட் என்னுடையது, பதினொன்றரை நொடி என்னுடையது. அவள் கை மட்டும்தான் அவளுடையது. படித்துவிட்டு, "நல்லா இருக்காடி எலி?" என்று கேட்டாள்.

அதனால்தான் காலையிலேயே வந்துவிட்டேன். அந்தத் தாளை எடுத்துவிட்டு இதை வையுங்கள். அவள் பெயர் மேலே இருக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு உங்கள் பேனா வேண்டாம். வரும் வழியில் நானே ஒன்று வாங்கிவிட்டேன். புதிது. இன்னும் யாரும் எழுதிப் பார்க்கவில்லை.