காப்புக் கயிறும் சைகோன் கடைச் சாறும்

1958-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 29-ந் தேதி, திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் முன்பாக, அனந்தபுரம் கீழத்தெரு சுப்பராயலு மகன் சக்கரபாணி, வயது 38, பயிர்த்தொழில், தானாக வந்து கொடுத்த இரண்டாவது வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருக்கிறேன். என் தங்கை கிருஷ்ணவேணியின் கணவர் பாண்டுரங்கனும் அதே தெரு. தங்கை குழந்தைக்கு மாந்தம் கண்டு பிழைத்ததால், மயிலம் முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு பத்து நாள் முன்பு நாங்கள் இருவரும் காப்புக் கட்டிக்கொண்டோம். காப்புக் கட்டியவன் கவுச்சி தொடக்கூடாது, ஊர் எல்லையும் தாண்டக்கூடாது. ஆனால் வரப்புத் தகராறு ஒன்றில் சாட்சி சொல்லும்படி திண்டிவனம் முன்சீப்பு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. முருகனைவிட சம்மனுக்கு அதிகம் பயந்து நேற்று காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்தோம்.

கோர்ட்டில் பகல் ஒரு மணிக்குக் கூப்பிட்டு, வேறு தேதிக்கு வாய்தா என்று சொல்லிவிட்டார்கள். விரதம் என்பதால் முந்தின நாள் மதியத்திலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதன் பிறகு பாண்டிச்சேரி ரோட்டில் சைகோன் கடை வழியாக வந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சவுரிராயன் என்பவர் சைகோனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி லான் என்கிற லூசியம்மாள் அதை நடத்துகிறார். லாரிக்காரர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றார்கள். வாசனை ரோடு வரைக்கும் வந்தது. பாண்டுரங்கன், "மச்சான், இந்தூர்ல நம்பள யாருக்குத் தெரியும்? நாலு வாய் துன்னுட்டுப் போலாங்க" என்றார். நானும் அவர் பின்னாலேயே உள்ளே போனேன்.

அந்த அம்மாள் அரிசி சேமியாவும் கோழித்துண்டும் போட்ட சாற்றை இரண்டு கிண்ணத்தில் கொண்டு வந்தார். வைக்கும்போது எங்கள் மணிக்கட்டைப் பார்த்துக் கிண்ணங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "காப்பு கட்டிக்கினு கவுச்சி வேணாங்க. சாமி கோச்சுக்கும். சோறு, மோர் தர்றேன்" என்றார். எங்கிருந்தோ வந்தவருக்குத் தெரிந்த முறை எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பாண்டுரங்கன், "இது காப்பு இல்லம்மா, சுளுக்குக்கு மந்திரிச்ச கயிறு" என்று பொய் சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கிண்ணங்களை வைத்தார். பழுப்பு நிறப் பாட்டிலிலிருந்து, மீனை உப்பில் ஊறவைத்து வடித்த தண்ணீர் நாலு சொட்டு விட்டார். எல்லோர் கிண்ணத்திலும் அதே பாட்டிலிலிருந்துதான் விட்டார். ருசி இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். பாண்டுரங்கன் இன்னொரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மயிலத்துக்குப் போகும் காவடிக் கூட்டம் ஒன்று பம்பை அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. பாண்டுரங்கனுக்கு வேர்த்துக் கொட்டியது. "மச்சான், கயிறு சுடுதுங்க" என்றார். உடனே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். கண் மேலே செருகிவிட்டது. சாமி தண்டித்துவிட்டது, அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். ஜனம் கூடுவதற்குள், காப்பைப் பார்த்துவிடுவார்களே என்ற பயத்தில் அவர் கயிற்றையும் என் கயிற்றையும் அறுத்து வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டு சட்டைக் கைக்குப் பொத்தான் போட்டேன். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். "சைகோன் கடையில, ஏதோ பாட்டில்ல இருந்து ஊத்தினாங்க" என்றேன். அதுவே போதுமாக இருந்தது.

விஷம், விஷம் என்று கூவிக்கொண்டு கூட்டம் ஓடியது. கிண்ணங்களையும் ஜாடிகளையும் உடைத்தார்கள். சவுரிராயன் அப்போது பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். போலீசார் வந்து அந்த அம்மாளை மீட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தபோது நெற்றியில் ரத்தம் இருந்தது. சாட்சிக்காக என்னையும் அங்கே அழைத்திருந்தார்கள்; என்ன பரிமாறினாய் என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்தார். பொத்தான் போட்ட என் மணிக்கட்டைப் பார்த்தார். "சோறும் மோருந்தாங்க" என்றார். வாந்தியில் சேமியாவும் கறியும் இருந்ததால் அவர் சொன்னது பொய் என்று எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜனங்களிடம் சொன்னதையே முதல் வாக்குமூலமாகக் கொடுத்தேன்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் பாண்டுரங்கனுக்கு நினைவு வந்தது. விஷம் ஏதுமில்லை, வெறும் வயிற்றில் கண்டதைத் தின்றதும் பயமும்தான் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அந்த அம்மாள் மறைத்துப் பேசியதால் சந்தேகம் தீரவில்லை, திங்கட்கிழமை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவார்கள் என்று ரைட்டர் சொன்னார். நான் உள்ளே வரும்போது அந்த அம்மாள் பெஞ்சில் தலையில் காயக் கட்டோடு இருந்தார். "அவுரு எழுந்தாரா? கஞ்சி குடுங்க, காரம் வேணாம்" என்றார்.

சோறும் மோரும் என்று அவர் சொன்னது பொய்தான். எங்கள் விரதம் கெட்டது வெளியே தெரியாமல் இருக்கச் சொன்ன பொய். கவுச்சி தின்றது நாங்கள், விஷம் என்று ஜனங்களை நினைக்க வைத்தது நான். அறுத்த காப்புக் கயிறுகள் இரண்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ஊரை நினைத்தாலும் சாமியை நினைத்தாலும் எனக்கு இன்னும் பயம்தான். கையெழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுவே, கூட்டியதும் குறைத்ததும் இல்லை. நேற்று நான் சொன்னதை அடித்துவிடவும்.

(ஒப்பம்) சு. சக்கரபாணி