கரிவாளிக்குப் பின்னால் இருந்த துளை

இந்த அறையின் கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது, சார்ஜென்ட். நீங்கள் பூட்ஸ் போட்டிருப்பதால் தெரியவில்லை. எனக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து கணுக்காலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. ஒரு பிரஷ் பட்டை அடித்தால் போதும், பத்து நிமிட வேலை. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார எனக்கு வராது. நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அக்கா ஐலீன் இறந்தது பற்றிய கட்டட ஆய்வாளரின் அறிக்கை போன வாரம் தபாலில் வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'வீட்டை அடைத்தவர், நிலக்கரி அடுப்புக்குக் காற்றுத்துளை அமைக்க மறந்திருக்கிறார்.' அந்த வரிக்காகத்தான் வந்திருக்கிறேன். அது தவறு. மற்ற பக்கங்களில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய வீடுகளுக்குள் குளிர் புகாமல் அடைத்துக் கொடுப்பது என் தொழில். டனிடினில் இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். டக் பெட்ரி வந்து பார்த்தால் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லை என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். மறப்பது என்கிற பேச்சே என் வேலையில் கிடையாது.

எங்கள் வீடு 1908இல் கட்டியது. குளிர்காலம் தொடங்கும் மே மாதம் போன வெயில் ஆகஸ்டில்தான் திரும்பி வரும். தெற்குக் காற்று அடித்தால் சுவர்த்தாள் உள்ளே வந்து வெளியே போகும், அதன் பின்னால் பலகைக்குப் பலகை இடைவெளி. குளிருகிறது என்று சொன்னால் அப்பா, "இன்னொரு ஜெர்சி போட்டுக்கோ" என்பார். அவர் போன பிறகு வீடு எனக்கும் ஐலீனுக்கும் பாதிப் பாதி. அவள் என்னைவிட மூன்று வயது பெரியவள். விவாகரத்து ஆகித் திரும்பி வந்தவள், பதினோரு வருடம் என்னோடு இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சமையலறையில் விளக்கு எரியும், அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு குளிர்காலமும் அவளுக்கு இருமல் வரும். போன வருடம் மார்பில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். திரும்பி வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்: "டேய் டக், ஊர்ல இருக்குற வீட்டையெல்லாம் கதகதன்னு ஆக்கிக் குடுக்குற. உன் சொந்த அக்கா தொப்பி போட்டுட்டுத் தூங்குறா. வெட்கமா இல்லையாடா உனக்கு? இதை வித்துட்டு வடக்க நெல்சன் பக்கம் போயிரலாம். அங்க வெயிலாவது இருக்கு."

அவள் சொன்னது நியாயம். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே அடுத்த திங்கட்கிழமையே வேலையை ஆரம்பித்தேன்.

என் கூட்டாளி டாவிடாவும் நானும் சேர்ந்து செய்தோம். சமோவாத் தீவுக்காரன், என்னைவிட இரண்டு மடங்கு பருமன், ஆனால் தரைக்கடியில் பூனை மாதிரி ஊர்ந்து போவான். கூரைக்குள் கண்ணாடிநார் மெத்தை, தரைக்கடியில் பாலியெஸ்டர் மெத்தை, மண்ணின் மேல் பாலிதீன் விரிப்பு. பயன்படாத மூன்று புகைபோக்கிகளையும் அடைத்தோம். மேலும் கீழும் நகரும் பழைய சன்னல்கள் பதினான்குக்கும் பிரஷ் பட்டை. பிறகு வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள்ளிருந்து காற்றை இழுத்தால், ஒழுகுகிற இடமெல்லாம் தெரிந்துவிடும். ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவரோரமாக நடந்தால் போதும். புகை வளைந்தால் ஓட்டை, நேராக நின்றால் இல்லை. ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை தடவை மாறுகிறது என்பதுதான் கணக்கு: முதல் நாள் பதினேழு, கடைசி நாள் மூன்றரை. நூற்றுப் பதினாறு வயதான வீட்டுக்கு மூன்றரை என்பது இந்த ஊரில் யாரும் கேள்விப்படாதது.

நிலக்கரி அடுப்பை மட்டும் எடுக்கக் கூடாது என்று ஐலீன் பிடிவாதமாக இருந்தாள். அம்மாவின் அடுப்பு. டாவிடா கரிவாளிக்குப் பின்னால் சுவரடிப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை வெட்டி, வெளியிலிருந்து காற்று வரும்படி கம்பிவலை வைத்தான். "அக்காவுக்கு அடுப்பு வேணும்னா அடுப்புக்கு மூச்சு வேணும், டக். மூணரை மூணரைன்னு பெருமைல இதை அடைச்சுத் தொலைச்சிராத" என்று சிரித்தான். சுவரில் விஷவாயு அலாரமும் மாட்டினான். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆனால் எனக்கு அந்தத் துளை தெரிந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது இடது பாதத்தில் தெரியும். அடுத்த அறையில் பேப்பர் படித்தாலும் தெரியும். எழுந்து போய் ஊதுபத்தியைக் காட்டிப் பார்ப்பேன், புகை வளையும். வளையத்தான் வேண்டும் என்று எனக்கே தெரியும். திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். ஐலீன் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "பூஜை முடிஞ்சுதா சாமியாரே?" என்பாள்.

இந்த வருடம் அவளுக்கு இருமல் வரவில்லை. மே போனது, ஜூனும் முடியப் போனது, ஒரு இருமல்கூட இல்லை. விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜூன் கடைசியில் வேலை விட்டு வந்தபோது வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தது. 'கதகதப்பான, காற்றுப் புகாத பழைய வீடு' என்று பெரிய எழுத்தில். என் வேலையைத்தான் விளம்பரம் செய்திருந்தார்கள்.

"உன் புண்ணியத்துலதான்டா இதை ஒருத்தன் வாங்குவான்" என்றாள். "நெல்சன்ல ஒரு சின்ன வீடு பாத்துட்டேன், முன்பக்கம் பூரா சன்னல். நீயும் வா. ஆனா அந்த ஊதுபத்தியை இங்கயே போட்டுட்டு வா."

"இங்க இப்பக் குளிரலையே. இருமலும் நின்னுருச்சு. இனிமே எதுக்குப் போகணும்?"

"குளிருக்காக மட்டும் போறேன்னா நினைச்ச?" அவள் குரலை உயர்த்தவில்லை. "இது இப்ப வீடு இல்ல டக், மூடி போட்ட டப்பா. நான் கதவைத் திறந்தா பின்னாடியே வந்து மூடுற. இருமுனா வந்து எட்டிப் பாக்குற. எனக்கு மூச்சு முட்டுதுடா."

மறுநாளிலிருந்து தினமும் காலையில் பதினான்கு சன்னல்களையும் திறந்து வைத்தாள். பத்து நிமிடம் என்பாள், அரை மணி ஆகும். நான்கு மாத வேலை அந்த அரை மணியில் தெருவுக்குப் போகும். நான் சண்டை போடவில்லை. அவளுக்குப் பின்னால் போய் ஒவ்வொன்றாக மூடினேன், அவ்வளவுதான். நெல்சனில் அவள் பார்த்த வீட்டைப் படத்தில் பார்த்தேன், அட்டைப்பெட்டிச் சுவர். அங்கே போனால் முதல் குளிர்காலத்திலேயே படுத்திருப்பாள். அவளுடைய நல்லதை யோசிக்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெற்குக் காற்றோடு பனிமழை வரும் என்று வியாழக்கிழமை வானிலை அறிக்கையில் சொன்னார்கள். அந்த மாதிரி நாளில் அவளும் சன்னலைத் திறக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை அவள் நூலகத்துக்குப் போன நேரத்தில் துளையை அளந்தேன். பழைய ரிமு மரப் பலகையிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன், மரத்தின் ரேகை பக்கத்துப் பலகையோடு சேருகிற மாதிரி. பின்னால் மெத்தை, ஓரத்தில் பசை, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். வெளிப்பக்கமும் அப்படியே, பலகையோடு பலகையாக. சனிக்கிழமை ஊதுபத்தியைக் காட்டினேன். புகை அசையவில்லை. அன்றைக்குத்தான், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு மதியம் அவள் ஆட்டுக்கறி சூப் வைத்தாள், நன்றாக இருந்தது. அடுப்பில் கரியை நிரப்பிவிட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்தாள். நீராவி போகட்டும் என்று சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளுகிற விசிறிகள் இரண்டையும் ஓட விட்டேன். இறுக்கமான வீட்டில் விசிறி ஓடினால் வெளியே போகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று வர வேண்டும். வேறு வழி இல்லையென்றால் புகைபோக்கி வழியாக இறங்கி வரும், அடுப்பு கக்குகிற விஷவாயுவையும் சேர்த்துக்கொண்டு. அடுப்பு வைத்திருக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் இதை நான் இரண்டு தடவை சொல்லுவேன். அலாரத்தைத் தூசி துடைப்பதற்காகக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

"குளிருதா ஐலீன்?" என்று கேட்டேன்.

"இல்லடா. சுகமா இருக்கு. கண்ணு சொக்குது. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ."

அவளாகத்தான் சொன்னாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். நிற்க முடியவில்லை. தபால்பெட்டி வரை போய்த் திரும்பினேன், மறுபடி போனேன், பனிமழை கழுத்துக்குள் இறங்கியது. கண் மட்டும் புகைபோக்கியிலேயே இருந்தது. முதலில் புகை நன்றாக மேலே போனது. மூன்று மணிக்கு மேல் தயங்கியது, பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே ஓர் அடி வைத்ததும் கோட்டுப் பைக்குள் அலாரம் அலறியது. நல்ல கருவி. மூச்சை அடக்கிக்கொண்டு பதினான்கு சன்னல்களையும் நானே திறந்தேன். அலாரத்தைச் சுவரில் மாட்டிய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவள் கன்னம் சிவந்திருந்தது, வெயிலில் நின்றுவிட்டு வந்தவள் மாதிரி.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். ஆய்வாளர் டார்ச்சு வைத்து ஒரு மணி நேரம் தேடியிருக்கிறார், துளையைக் காணவில்லை. காணாததால் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். டாவிடாவும் வந்து கரிவாளியை நகர்த்திப் பார்த்தான், பலகையைத் தடவினான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் வெட்டினேன்ல, டக்? இந்த இடத்துலதானே வெட்டினேன்? இல்ல, வேற வீட்டுல வெட்டினதை நினைச்சுட்டு இருக்கேனா? சொல்லுடா, நான்தான் மறந்துட்டேனா?"

எனக்கு நினைவில்லை என்று சொன்னேன். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. அவன் மனைவி தினமும் போன் செய்கிறாள், சாப்பிடவே மாட்டேன் என்கிறானாம். அதற்காக நான் இங்கே வரவில்லை. அவனுக்குக் காலப்போக்கில் சரியாகிவிடும்.

ஆனால் அறிக்கை என்பது அச்சில் ஏறுவது. நாளைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார்கள். டக் பெட்ரி தன் அக்காவின் அடுப்புக்கே காற்றுத்துளை வைக்காத அரைகுறை ஆள் என்று பேசுவார்கள். அறிக்கை வந்ததிலிருந்து நான் உட்காரவில்லை, சார்ஜென்ட். கரிவாளிக்கு நேர் பின்னால், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில் கத்தியை விடச் சொல்லுங்கள். கிடைக்கும். என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறந்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள்.