சாடித் தண்ணீர்

நீர்வண்ணம் தீட்டுகிறவருக்கு இரண்டு சாடி வேண்டும். ஒன்றில் தூரிகை கழுவுவது, மற்றதில் வண்ணம் கரைப்பது. இரண்டையும் ஒருநாளும் மாற்றி வைக்காதவன் இந்த இராஜசிங்கம் என்று ஹாட்லியே வருகிறவர்களிடம் சொல்வார். அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாட்லி இங்கிலாந்துக்காரர். இங்கே சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் ஆற்றங்கரையோடு வீடெடுத்து, முப்பது வருடமாக ரைன் நதியையே வரைந்தவர். 2009இல் என்னை வீட்டு வேலைக்கு எடுத்தார். அந்த வேலையை வைத்துத்தான் எனக்கு விசா. என் மனைவி யசோதரா அப்போது வவுனியாவில் முகாமுக்குள் இருந்தாள். அவளைக் கூப்பிடவும் அந்த வேலைதான் வேண்டும்.

அவருக்குக் கண் அழுத்த நோய். தினமும் மருந்துத் துளி விடுவது நான். 2012இல் டாக்டர், ஒழுங்காக விட்டால் பார்வை போகாது என்றார். கண் தாங்குமென்றால் அடுத்த வசந்தத்தில் இங்கிலாந்துக்கே திரும்பி, சின்ன வயதில் பார்த்த கடற்கரையை வரையப் போவதாக ஹாட்லி சொன்னார். அவர் போனால் என் வேலையும் விசாவும் போய்விடும். யாரிடம் போய் அழுவது?

குப்பியிலிருந்த மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். யசோதரா வரும்வரைக்கும் மட்டும்தான்.

இப்போதெல்லாம் கண் எரிவதில்லை, உனக்குக் கை பழகிவிட்டது என்று ஹாட்லி என் தோளில் தட்டினார்.

நோய் முற்றிவிட்டதென்று டாக்டர் வேறு மருந்து எழுதினார். அதையும் கொட்டினேன். யசோதரா வர இரண்டு வருடம் சென்றது. அதற்குள் ஹாட்லிக்கு ஆறு தெரியாமல் போனது. பிறகு அவர் கடற்கரையைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நான் நிறத்தைச் சொல்லித் தூரிகையைக் கையில் கொடுப்பேன், அவர் வரைவார். கடதாசி முழுக்கச் சேறாகத்தான் வரும். நன்றாயிருக்கிறது என்பேன்.

"பாவம், மனிசனுக்கு எப்பிடிக் கண் போனது?" என்று யசோதரா கேட்டாள்.

"வயசு," என்றேன்.

அவள் வந்த கிழமையே உண்மையான மருந்தை விடத் தொடங்கினேன். சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் இரண்டு வருடம் எரியாதிருந்த கண் திரும்ப எரிகிறதென்று ஹாட்லி டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டருக்கு விளங்கிவிட்டது.

ஹாட்லி இன்னும் நம்பவில்லையாம். நாளைக்குச் சாடி வைக்க நான் வருவேனா என்று கேட்கிறாராம். அவருக்கு இனி யார் இருக்கிறார்கள்?

நான் அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கண்ணுக்கு விட்டதுகூட நல்ல சாடித் தண்ணீர்தான். தூரிகை கழுவிய தண்ணீரை ஒருநாளும் விட்டதில்லை.