இடப்பக்கத்து இருளைக் காத்த எல்மர் ஹாப்னருக்கு

ஒளியை ஆண்ட உத்தமரே! டேட்டன் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கோட்டையும் கொடுநாகமும் குள்ளர் கூட்டமும் சுவர் முழுக்கக் காட்டிய சூத்திரதாரியே! ரிவர்வியூ திரையரங்கிலிருந்து இன்று ஓய்வுபெறும் தலைமை ஆபரேட்டரே! வணங்குகிறோம்.

மூன்று அறைகளில் மூன்று எந்திரங்கள் இம்மியும் பிசகாமல் ஓடினால்தான் எங்கள் அகன்ற திரையில் ஒரே படம் விரியும். ஒரு சுருள் அறுந்தால், மூன்றும் சேர்ந்தே ஓட, வீணாய்ப் போன நீளத்துக்குப் படமில்லாத கறுப்புச் சுருளை ஒட்டியாக வேண்டும். தவறினால் இளவரசியின் தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். அப்படித் தவறியவர்களை நீர் திட்டிய திட்டு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

சென்ற கிறிஸ்துமஸ் வாரத்துப் பகல் காட்சியில், தேவதைக் கதைப் படத்தின் நாகப் பாட்டு நடக்கையில், இடப்பக்கத்து அறை லெஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவரது சுருள் சிக்கிக் கருகியது. படத்தை நிறுத்தக் கூடாதென்று மேலாளர் தொலைபேசியில் கத்தினார். நீரோ மூன்று எந்திரங்களையும் நிறுத்தச் செய்து, கூச்சலிட்ட கூட்டத்தின் நடுவே இடப்பக்கத்து அறைக்கு ஓடினீர்.

"என்னால ஷோ நின்னுடுச்சா, எல்மர்?" என்றார் லெஸ்டர்.

"ஷோ கெடக்குது. நீ மூச்சு விடுடா," என்றீர். அவர் விடவில்லை.

கருகிய இடத்தில் கறுப்பை ஒட்டினீர். இருட்டு தெரியாதபடி, அந்தப் பகுதியையே மூன்று சுருளிலும் வெட்டியெறியச் சொன்னது நிர்வாகம்.

"வெட்ட மாட்டேன் சார். அந்த இருட்டு லெஸ்டரோட பங்கு," என்றீர்.

அன்றுமுதல் ஒவ்வொரு காட்சியிலும், இடப்பக்கம் இருளும்போதெல்லாம் எழுந்து நின்றீர். வெட்ட மறுத்ததற்குத்தான் இந்தக் கட்டாய ஓய்வு. முதுமை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் கேக் தின்றுகொண்டிருக்கும் மேலாளர் காதில் விழவே இதை வாசிக்கிறோம். எங்களுக்கு வயிறு எரிகிறது, ஐயா.

நாளைக் காலை அந்தத் துண்டுகளை வெட்டும்படி வலப்பக்கத்து அறை ரால்ஃபுக்கு உத்தரவு வந்திருக்கிறது. ரால்ஃப் இம்மடலில்தான் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெட்ட மாட்டோம். எங்களையும் ஓய்வுபெறச் சொன்னால், மடல் எழுதித்தர இங்கே ஆளிருக்காது, அவ்வளவுதான்.

நோயின்றி, நொடிப்பின்றி நெடுநாள் வாழ்வீராக! நாளை நாகம் பாடும்போது நீர் வீட்டில் உட்கார்ந்தே இரும். இங்கே எழுந்து நிற்க நாங்கள் இருக்கிறோம்.

ரால்ஃப், டிக்கெட் கொடுக்கும் ஐரீன், வாசல் காக்கும் க்ளைட்,
மற்றும் ரிவர்வியூ பணியாளர்கள்
டேட்டன், ஒஹாயோ, 1963