படகில் கட்டும் ஹிஜாப்

— அந்தக் குண்டூசியைக் கீழ வையி ரம்லத்து. இன்னைக்கு ஹிஜாப் வேண்டாம்.

— ஏன் மச்சான்? இன்னைக்கு மட்டும் என்னவாம்?

— தெரியாத மாதிரி கேக்கறியே! மீட்டிங் இருக்குல்ல? முஸ்லிம் பெண்ணும் அவ உடுப்பும்னு நான் பேசறேன். மீட்டிங் நடத்தற சுதீர் சேட்டன் உனக்கு முன்வரிசையில நாற்காலி போட்டு வச்சிருக்கார்.

— பேசப்போறது நீங்க. என் தலை எதுக்கு?

— என் பொண்டாட்டியே தலையை மூடற தட்டத்தை எடுத்துட்டாள்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டீ. ஃபேஸ்புக்ல போட்டோ வரைக்கும் போட்டாச்சு. இப்போ நீ மூடிக்கிட்டு வந்து உக்காந்தா மட்டாஞ்சேரியே சிரிக்கும். அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

— மீட்டிங் முடிஞ்சு நேரா அக்கரைக்கு, வைப்பின்ல எங்க உம்மா வீட்டுக்குப் போகணும். தங்கச்சி ஜெரினா பிள்ளைக்குப் பேர் வைக்கிறாங்க. எத்தனை வருஷம் காத்துக் கிடந்து பெத்த பிள்ளை! இன்னும் நான் மடியில வாங்கல. மூடாம வந்தா வாசப்படி ஏறாதேன்னு உம்மா சொல்லிருச்சு.

— அதுக்கென்ன? பையில வச்சுக்கோ. எப்பவும் போல படகுல ஏறினதும் கட்டிக்கோ.

— எப்பவும் போல! போன வாரம் அப்படிக் கட்டறப்போ மீன்கூடை வச்சிருந்த ஒரு சேச்சி என்ன கேட்டுச்சு தெரியுமா? "எந்தா மோளே, எந்தக் கரையை ஏய்க்கிறே?"ன்னு. படகே சிரிச்சுது. எனக்கு மானமே போயிருச்சு.

— நீ ஏன் அதையெல்லாம் காதுல வாங்கறே?

— உங்க ரெண்டு பேர் பேச்சையும் வாங்கியே காது ரொம்பிப் போச்சு. உம்மா போடுங்குது, நீங்க எடுங்கறீங்க.

— நான் எப்போடீ எடுக்கச் சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? நீயாத்தானே எடுத்தே!

— சொல்லல. பீச்சுக்குப் போனா என்னை விட்டுட்டு முன்னால நடந்தீங்க. ஆபீஸ் விருந்துக்குத் தனியாப் போனீங்க. எடுத்த அன்னிக்குத்தான் ரோட்டுல என் கையைப் பிடிச்சீங்க.

— சரி, பழசை விடு. உனக்கு என்னதான் வேணும்? அதைச் சொல்லித் தொலை.

— சில நாள் போடணும்னு இருக்கு மச்சான். போட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கு. சில நாள் கொஞ்சம் காத்துப் படட்டுமேன்னு இருக்கு. இன்னைக்குப் போடணும்னு இருக்கு.

— நாளுக்கு ஒண்ணுன்னா எப்படி? ஏதாவது ஒண்ணுல நில்லு.

— ஒண்ணுல நின்னா எனக்கு ஒரு வீடு இல்லாமப் போயிருமே!

— அழாதே, மை கலையுது. ஆட்டோ வந்துருச்சு பாரு. எடுத்துப் பையில வை.

— ம்... வச்சாச்சு. வாங்க.

— அதான் என் ரம்லத்து! பின்னே, இன்னொண்ணு. சுதீர் சேட்டன் உன்னையும் மேடைக்குக் கூப்பிடுவார். பயப்படாதே, ரெண்டே வார்த்தை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல, எல்லாம் என் இஷ்டம்னு சொல்லிட்டு இறங்கிரு.

— அதையும் நீங்களே சொல்லிருங்களேன் மச்சான்.